மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 210 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகும்? நேர்மையாக ஆட்டுகிறவர்கள் தாங்கி நிற்க முடியுமா?

செக்கடி வீடு:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஓர் ஊர் எங்களுடையது. நானும் என் கணவரும் இரண்டு மரச்செக்கு போட்டுக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். மாமனார் காலத்தில் மாடு கட்டி ஆட்டிய செக்கு இது. இப்போது மோட்டாரில் ஓடுகிறது. உரல் இன்னும் வாகை மரம்தான்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு எங்களுக்கு 12,000 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. அதை ஆட்டினால் ஏறக்குறைய 40 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். ஆள் கூலி, மின்சாரம், பாட்டில், வெயிலில் வைத்துத் தெளியவைக்கும்போது போகும் கசடு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். புண்ணாக்கு 58 கிலோ, கிலோ 45 ரூபாய் என்று மாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வதில் 2,610 ரூபாய் திரும்பி வருகிறது. கழித்துப் பார்த்தால் ஒரு லிட்டரின் அடக்கமே 272 ரூபாய். நாங்கள் 300 ரூபாய்க்குக் கொடுக்கிறோம்.

பஸ் நிலையத்தருகே புதிதாக வந்திருக்கும் கடையில் மாடு பூட்டிய செக்குப் படம் போட்ட பாட்டிலில் "சுத்தமான மரச்செக்குக் கடலை எண்ணெய்" லிட்டர் 210 ரூபாய். பருப்பு வாங்கும் காசுகூட அதில் தேறாது. அவர்கள் எங்கே கொள்முதல் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது; ஆனால் கடலை எந்த மண்ணில் விளைந்தாலும் செக்கில் இரண்டரைக் கிலோ போட்டால்தான் ஒரு லிட்டர் வரும்.

போன மாதம் ஒரு தரகர் எங்களிடமும் வந்தார். பாமாயிலிலிருந்து எடுக்கும் பாமோலின் டின் இறக்கித் தருகிறேன், நூற்றுக்கு முப்பது சேர்த்தால் கடலை வாசனை அப்படியே இருக்கும், ஒருவருக்கும் தெரியாது என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். பாமாயில் ஒன்றும் விஷமில்லை. நியாயவிலைக் கடையில் அரசே லிட்டர் 25 ரூபாய்க்குத் தருகிறது; எங்கள் வீட்டிலும் பலகாரம் சுட அதைத்தான் வைத்திருக்கிறோம். அதைக் கடலை எண்ணெய் என்று சொல்லி, கைக்குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் ஊற்ற வாங்கிப் போகிறவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. பல வருடங்களாக எங்களிடமே வாங்கிவந்த ஆசிரியை ஒருவர், "அங்கே 210க்குத் தருகிறார்களே, நீங்கள்தான் அதிகம் வைத்து விற்கிறீர்கள்" என்று கடையில் நான்கு பேர் நிற்கும்போது சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் "நேர்மையாக இருந்தால் தொழில் நிலைக்கும்" என்கிறார். எனக்கு அதில் விருப்பம் உண்டு. ஆனால் செக்கு வாங்கிய வங்கிக் கடனுக்கு மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். ஆகவே தொழில் செய்கிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன? நேர்மையாக நடத்தியவர் நிலைத்தாரா? நிலைத்திருந்தால் எதனால்? பொன்மொழிகள் வேண்டாம், தயவுசெய்து.

---

கார் சாவி:

நேராகவே சொல்கிறேன். நேர்மை கண்டிப்பாக வெல்லும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டது. சோதனைச் சாலையில் ஓடும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகம் முழுவதும் ஏறக்குறைய 1.1 கோடி டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். அபராதம், இழப்பீடு, கார்களைத் திரும்ப வாங்கியது என்று 3,000 கோடி டாலருக்கு மேல் போனது. சரி, அழிந்தார்களா? அடுத்த ஆண்டே, 2016இல், டொயோட்டாவை முந்தி உலகில் மிக அதிக வாகனங்கள் விற்ற நிறுவனம் அதுதான்.

அவ்வளவு பெரிய அடியை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கும் பணம் அவர்களிடம் இருந்தது. உங்களிடமோ என்னிடமோ அது இல்லை. ஊருக்குள் ஒரே ஒரு முறை பெயர் கெட்டால் சிறிய கடையை மூட வேண்டியதுதான். தரகரைத் திருப்பி அனுப்பியது தொழில் கணக்கிலேயே சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காகச் சந்தை உங்களுக்குப் பரிசு தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

---

உரைகல்:

அம்மா, நான் கோவையில் ஒரு நகைக்கடையில் உரைத்துப் பார்க்கும் மேசையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எண்ணெய் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வது, எங்கள் தொழிலில் ஒரு தலைமுறை முழுவதும் நடந்த கதை.

ஹால்மார்க் வருவதற்கு முன்னால் 22 கேரட் என்று ரசீதில் எழுதுவார்கள். அந்த நகையை உருக்கினால் 20 வரும். சில கடைகளுடையது 19க்கும் இறங்கும். நகை வாங்கும் பெண்மணிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. உரைகல்லில், சுத்தம் எவ்வளவு என்று தெரிந்த தங்க ஊசியையும் நகையையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து, திராவகம் விட்டு நிறம் பார்ப்பது எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்குத்தான் பிடிபடும். அதிலும் பற்றவைத்த இடத்தில் பற்றவைப்புப் பொடி எவ்வளவு போயிருக்கிறது என்பது உருக்கினால்தான் தெரியும்.

அப்போது மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைவாகச் செய்த கடைக்காரர் என்ன செய்வார் தெரியுமா? "எங்களிடம் சேதாரம் குறைவு" என்று விளம்பரம் போடுவார். சேதாரத்தில் விட்டுக்கொடுத்ததைப் போல இரண்டு மடங்கைத் தங்கத்தில் எடுத்துவிடுவார். சரியான மாற்றில் செய்தவர் சேதாரத்தைக் குறைக்க வழியில்லை. அவர் கடைக்கு வருகிறவர்கள் உங்கள் ஆசிரியை சொன்னதையேதான் சொல்வார்கள்: "நீங்கள்தான் அதிகம் போடுகிறீர்கள்."

நான் வேலை பார்த்த முதலாளி ஒன்று செய்தார். ஒவ்வொரு ரசீதிலும் நகையின் டச்சை, அதாவது நூற்றில் எத்தனை பங்கு தங்கம் என்பதை, மையால் எழுதி, "இதே டச்சுக்கு, அன்றைய விலையில், எப்போது கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்ற கடைகளில் விற்கும்போது ஒரு பேச்சு, திரும்ப எடுக்கும்போது வேறொரு பேச்சு. இந்த வித்தியாசம் உடனே யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வீட்டில் கல்யாணம் வந்து, அம்மாவின் சங்கிலியை மாற்றி மகளுக்கு வளையல் எடுக்க வரும்போதுதான் தெரியும். அதற்கு 10 வருடமும் ஆகும், 20 வருடமும் ஆகும். அதுவரை முதலாளி குறைந்த வியாபாரத்தோடுதான் இருந்தார். சொந்தக் கட்டடம் இருந்தது, வட்டிக் கடன் இல்லை, அதனால் தாங்கினார். அதே தெருவில் அவரைப் போலவே சுத்தமாகச் செய்த இன்னொருவர் வாடகைக் கடையில், கடனுக்குத் தங்கம் எடுத்து நடத்தினார். நல்ல மனிதர். அவரால் தாங்க முடியவில்லை, மூடிவிட்டார். அவரை நினைக்காமல் நேர்மையைப் பற்றி என்னால் பேச முடியாது.

நான் மேசையிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது இதுதான். உங்கள் தொழிலில் உண்மை வெளியே வர எவ்வளவு காலம் ஆகும், அந்தக் காலத்தை ஓட்ட உங்கள் கையிருப்பு போதுமா என்று இரண்டையும் பாருங்கள். கையிருப்பைப் பெருக்குவது கடினம். ஆகவே உண்மை வெளிவரும் காலத்தைக் குறைக்க வேண்டும்.

எங்களுக்கு அதைச் செய்தது இயந்திரமும் சட்டமும். நகையை உருக்காமலேயே மாற்றைக் காட்டும் கேரட் மீட்டரைக் கடைகளில் வைத்தார்கள். வாடிக்கையாளர் தன் கண்ணாலேயே எண்ணைப் பார்த்தார். தங்கத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் 2000இலேயே வந்துவிட்டது. ஆனால் விருப்பமிருந்தால் போடலாம் என்ற நிலைதான். 2021 ஜூனில் முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. இப்போது அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டினாலே நகையின் மாற்று எவ்வளவு, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்று வந்துவிடும். 20 வருடம் பிடித்தது இப்போது இரண்டு நிமிடம். சரியாகச் செய்கிறவருக்கு இனிமேல் தனியாக நின்று தாங்கவேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் எண்ணெய்க்கு அப்படி ஒரு எண் கிடையாது. அப்படியானால் அதற்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று யோசியுங்கள். செக்குக்காரர்களிடம் முன்பு கூலிக்கு ஆட்டும் வழக்கம் இருந்ததே, அது என்னவாயிற்று?

---

பொருளியல் வகுப்பு:

உரைகல் ஐயா சொன்னதைத்தான் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதினார். நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குகிறவரால் பிரித்தறிய முடியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டு விலகுவார். கடைசியில் கெட்டது மட்டும் மிஞ்சும். அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே கட்டுரையில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு வரி உண்டு: கடைத்தெரு அரிசியில், அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலந்த கல்லை இந்தியப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது என்று.

முறத்தில் கல் பொறுக்கிய அந்த உழைப்புக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஏமாற்றின் செலவை எப்போதும் வேறு யாரோதான் சுமக்கிறார்கள்.

---

ஒரத்துப்பாளையம்:

உரைகல் ஐயா சொன்னது நகைக்குச் சரி. எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு ரசாயனம் கொடுக்கும் வேலையில் இருந்தவன், சொல்கிறேன்.

பனியன் வாங்குகிறவருக்குச் சாயத் தண்ணீர் எங்கே போனது என்று தெரியவே தெரியாது. துணியில் அதன் அடையாளம் இராது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் வாங்குகிறவர் கையில் அந்த உண்மை வந்து சேராது. சேர்ந்ததெல்லாம் நொய்யலுக்குக் கீழே இருந்த விவசாயிகளின் கிணற்றில். 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனது. எங்கள் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அந்த அணைத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது.

தண்ணீரைச் சுத்திகரிக்க இயந்திரம் வைத்து, மின்சாரம் செலவழித்து, உப்பைப் பிரித்தெடுத்த பட்டறைக்குக் கிலோவுக்கு ஆகும் செலவு அதிகம். மழை பெய்யும் இரவில் குழாயைத் திறந்துவிட்டவருக்கு அந்தச் செலவு இல்லை. ஆர்டர் அவருக்குத்தான் போகும். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் பூஜ்யக் கழிவு நிலையை, அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை, எட்டாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. முயற்சி செய்துகொண்டிருந்தவரும் நின்றார், ஒன்றுமே செய்யாதவரும் நின்றார். வேலைக்கு வந்த தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பிப் போனதை நான் ரயில் நிலையத்தில் பார்த்தேன்.

பிறகு பூஜ்யக் கழிவு முறை எல்லோருக்கும் கட்டாயமான பிறகுதான் சுத்திகரிப்பவரால் விலையில் போட்டியிட முடிந்தது. இன்று வெளிநாட்டு வாங்குநர்கள் அதைக் கேட்டுத்தான் ஆர்டர் தருகிறார்கள். ஆகவே, சகோதரி, தனியாக நேர்மையாக இருந்து காட்டினால் ஊர் திருந்தும் என்று எண்ண வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் சுத்தமாக ஆட்டும் மற்றச் செக்குக்காரர்கள் யார் யார் என்று பாருங்கள். சேர்ந்து நில்லுங்கள். பாதிக்கப்பட்ட விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போடாமல் இருந்திருந்தால் நொய்யல் இன்னும் அப்படியேதான் ஓடியிருக்கும்.

---

கண்ணாடிக் குடுவை:

உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெய்க்கு எண் இல்லை என்று உரைகல் ஐயா சொன்னார். உண்டு, ஐயா. அது கடை அலமாரிக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

கடலை எண்ணெய்க்குப் பெல்லியர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எண்ணெயைப் பக்குவப்படுத்திச் சூடாக்கி, மெல்ல ஆறவைத்து, எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்று பார்ப்போம். விதிமுறைப்படி அது 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். விலகினால் சந்தேகப்படலாம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பால்மிட்டிக் என்ற அமிலம் கடலை எண்ணெயில் 14 சதவீதத்தைத் தாண்டாது. பாமோலினில் 38க்கு மேல் இருக்கும். தரகர் சொன்னபடி முப்பது சதவீதம் கலந்தால் 20க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவருக்கும் தெரியாது என்று அவர் சொன்னது பொய். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். குளிரில் சுத்தமான கடலை எண்ணெயும் கெட்டியாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்பது குற்றமில்லை. எந்த எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையாமல், கலப்பு எண்ணெய் என்று விகிதத்தோடு அச்சிட்டு, மூடிய பொட்டலத்தில் விற்கலாம். மறைத்து விற்பதுதான் குற்றம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, பொருளை வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பொருள் விதிக்கு மாறாக இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

நீங்கள் ஒருவர் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது என்பதற்கு எங்கள் துறையில் மறக்க முடியாத ஓர் ஆண்டு 1998. டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகு கடுகெண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதற்குத் தடை வந்தது. கலப்படம் செய்யாமல், மக்கள் கண்முன்னே ஆட்டி ஊற்றிக் கொடுத்துவந்த சிறிய செக்குக்காரரின் பிழைப்பும் அந்தத் தடையில் அடிபட்டது. பொட்டலம் போடும் பெரிய ஆலைகளுக்கு வழி திறந்தது. பக்கத்துக் கடையின் கலப்படம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது, அம்மா.

---

செக்கடி வீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு கடை அடைத்த பிறகு மாமனாருக்கும் கணவருக்கும் முழுவதையும் படித்துக் காட்டினேன். மூடிப்போன அந்த நகைக்கடைக்காரரைப் பற்றி மாமனார் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

கூலிக்கு ஆட்டுவது எங்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் கடலை போட்டவர்கள் மட்டும்தான் மூட்டையோடு வருகிறார்கள். அதைச் சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பருப்பை அவர்களே வாங்கி வரலாம். எங்களிடம் எடுத்தால் கொள்முதல் ரசீதைக் காட்டுவோம். செக்குக்குப் பக்கத்தில் நின்று ஆட்டுவதைப் பார்த்து, எண்ணெயும் புண்ணாக்கும் இரண்டையும் அவர்களே எடுத்துப் போகட்டும். இரண்டரைக் கிலோ போட்டால் ஒரு லிட்டர் என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவரிடம் 210 ரூபாய்ப் பாட்டிலைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை. நான் இங்கே எழுதிய கணக்கை அப்படியே கரும்பலகையில் எழுதி வாசலில் வைக்கப் போகிறேன். பருப்பு விலை மாறும்போது அதையும் மாற்றி எழுதுவேன். எங்கள் லாபம் லிட்டருக்கு 28 ரூபாய் என்பதும் அதில் இருக்கும். கணவருக்கு அந்த வரி கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இல்லை.

முத்தூர்ப் பக்கம் ஒருவரும் வெள்ளகோவிலில் ஒருவரும் கந்தகப் புகை போடாத கொப்பரையைத் தேடி வாங்கித் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதே தொல்லைதான். மூவரும் சேர்ந்து சோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். அந்தப் புதிய கடையைப் பற்றி நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆசிரியையிடம் மட்டும் 40ஆம் பிரிவைச் சொல்வேன்; எங்கள் பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

தவணையை எட்டு மாதத்துக்குச் சமாளிக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அதற்குள் பலன் தெரியாவிட்டால் ஒரு செக்கை விற்றுவிட்டு ஒன்றோடு நடத்துவோம். கலக்கப் போவதில்லை, அது முடிவான விஷயம்.

கண்ணாடிக் குடுவை, ஒரு சந்தேகம். ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் சோதிக்க எங்களுக்குக் கட்டாது. எத்தனை முறைக்கு ஒன்று கொடுக்கலாம்?

---

கண்ணாடிக் குடுவை:

பருப்பு வாங்கும் இடமோ விளைச்சலோ மாறும்போது ஒன்று கொடுங்கள், உங்கள் அளவுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் கால் லிட்டர் எடுத்து, நிறக்கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஆட்டிய தேதியும் பருப்பு ரசீது எண்ணும் எழுதி, மூடியில் அரக்கு வைத்து இருட்டான இடத்தில் வையுங்கள். விற்ற பாட்டிலிலும் அதே தேதி இருக்கட்டும். யாராவது சந்தேகம் கேட்டால் அவர்கள் முன்னாலேயே அதை எடுத்துக் கொடுத்து அனுப்பலாம். ஆய்வுக்கூடத்தில் பெல்லியர் மட்டும் கேட்காமல் கொழுப்பு அமிலப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற கூடமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

உரைகல்:

அரக்கு வைக்கும்போது மாமனாரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அம்மா. சனிக்கிழமை எத்தனை மணிக்குச் செக்கு ஓடும் என்று எழுதுங்கள். கோவையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், பருப்பு உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன்.